பார்த்ததை மட்டும் சொன்னவர்

அவரை நான் முதன்முதலில் கண்டது மாத்தளையில், எங்கள் அண்ணன் வீட்டு முன்னறையில். என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்.

அண்ணன் அப்போது டவுனில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். நான் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுப் பயிற்சி முடித்து நியமனத்துக்குக் காத்திருந்தேன். வேலை கிடைத்து எங்காவது காட்டுப்பக்கம் போவதற்குள் என்னை ஒருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணி அவசரப்பட்டாள். மாப்பிள்ளை கலேவெலப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிளாக்கர். தாய் தகப்பன் இல்லை. ஒரே தங்கை, தலவாக்கொல்லையில் கட்டிக்கொடுத்தாயிற்று. குடி இல்லை, சீட்டு இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார் தரகர்.

நான் பலகாரத் தட்டை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். அண்ணன் ஊர்ப் பேச்செல்லாம் பேசிவிட்டு, மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டான்.

"அம்மா தவறி ரெண்டு வருஷமாச்சாமே. காய்ச்சல்னு தரகர் சொன்னாரு."

"காய்ச்சல் இல்லைங்க" என்றார் அவர். "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. கொழும்புப் பக்கம் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். அங்கேயேதான் செத்தாங்க."

தரகர் இருமத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. அண்ணன் தட்டை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினான். அவர் ஒரு வடையை எடுத்து, நிதானமாகத் தின்று முடித்து, கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

வாசல் படலைக்கு வெளியே தரகர் அவரைப் பிடித்துக்கொண்டது எங்களுக்கு உள்ளே கேட்டது. "எல்லாத்தையும் கவுத்துட்டீங்களே. சரி, பொண்ணு எப்படி? அதையாவது நல்லவிதமாச் சொல்லுங்க. நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்."

"சரியாப் பார்க்கலைங்க. அவங்களுக்குப் பின்னால ஜன்னல் இருந்துச்சு. வெளிச்சம் எதிர்ப்பக்கம். உருவம்தான் தெரிஞ்சுச்சு, முகம் தெரியலை."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன். அந்தச் சம்பந்தப் பேச்சு அன்றைக்கே முறிந்துவிட்டது.

நியமனம் கலேவெலப் பக்கமே வந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. வெற்றிடம் அங்கே இருந்தது, அனுப்பினார்கள். சிறிய கிளினிக், அதன் பின்னால் ஓர் அறையும் சமைக்கக் குசினியும் உள்ள குவார்ட்டர்ஸ். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் ஒரு பை. சிங்களக் கிராமங்கள், ஒரு முஸ்லிம் ஊர், தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் என்று நடைதான். எல்லோருக்கும் நான் 'மிஸி'. காலையில் எந்தப் பக்கம் போவதென்றாலும் குளக்கட்டின் மேலே ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே குளக்கட்டில் அவரைக் கண்டேன். காக்கிக் காற்சட்டை, கழுத்தில் தூரக்கண்ணாடி. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர், நான் கிட்டப் போகும் முன்பே திரும்பி, "மாத்தளை மிஸிதானே?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுச்சு? முகந்தான் தெரியலைன்னு சொன்னீங்களே."

அவர் காது சிவந்தது. படலைக்கு வெளியே பேசியது வீட்டுக்குள் கேட்டிருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை போலிருக்கிறது.

"நடையில கண்டுக்கிட்டேன். தூரத்துல வர்ற பறவைக்கு நிறம் தெரியாதுங்க. பறக்கிற விதத்துலதான் இன்னதுன்னு சொல்லணும்."

"தட்டு தூக்கிக்கிட்டு வந்தது ஒரு நடையா?"

"தட்டு சாயலையே" என்றார்.

அதன் பிறகு ஏறக்குறைய பத்து வருடம், வாரத்தில் மூன்று நான்கு காலை, அந்தக் குளக்கட்டில் நின்று பேசியிருப்போம். என் குவார்ட்டர்ஸுக்கு அவர் வந்ததில்லை. தோட்டத்தில் அவர் இருந்த வீட்டுக்கு நான் போனதில்லை. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பெயர் சொல்ல முடியாது. தோட்டத்து ஆட்கள் போல 'கிளாக்கர் ஐயா' என்று சொல்ல வாய் வரவில்லை. கிராமத்தவர்கள் அவரை 'குருலு மாத்தயா' என்பார்கள். சிங்களத்தில் குருலு என்றால் பறவை, மாத்தயா என்றால் ஐயா. பட்டப்பெயர்தான், ஆனால் அவர் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். நான் மட்டும் எதுவும் சொல்லாமலே பேசிப் பழகிவிட்டேன்.

தூரக்கண்ணாடி, தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டதில் வாங்கியது. மற்றவர்கள் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நிற்க, இவர் அதற்காக நின்றாராம். வாங்கி வீட்டுக்கு வந்து ஜன்னலால் பார்த்தபோது, வயலில் தினமும் பார்க்கும் கொக்கின் கண்ணைச் சுற்றி மஞ்சள் இருப்பது தெரிந்ததாம். "இத்தனை வருஷம் கொக்கைப் பார்த்தேன்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கேன்" என்றார் என்னிடம், ஏதோ தன் சொந்தக்காரர்களைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டவர் போல.

அவரிடம் மூன்று சொற்கள் இருந்தன. பார்த்தேன். கேட்டேன். சொன்னாங்க. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் அவர் வைத்து நான் அறியேன். மழைக்குப் பிறகு குளிர்நாட்டுப் பறவைகள் வரும் மாதங்களில் குளத்துச் சேற்றில் சின்னச் சின்ன உள்ளான்கள் இறங்கி ஓடும். "பச்சைக்கால் உள்ளான் வந்திருக்கு, பார்த்தேன்" என்பார். "ராவு ஆக்காட்டி கத்துச்சு, கேட்டேன்" என்பார். வயலில் பயிர் பச்சையாக நிற்கும்போது வெள்ளை ஆலாக்கள் அதன் மேலே தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். அவை வந்துவிட்டனவா என்று கேட்டால், "கண்டலமைப் பக்கம் வந்திருச்சாம். சொன்னாங்க" என்பார். தம்புள்ளையில் மழையா என்று அங்கிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அவரிடம் கேட்டாலும் இதே கதைதான். "வானம் கறுத்திருந்துச்சு. பெய்யறதைப் பார்க்கலை."

எனக்குப் பறவைகளில் பெரிய ஈடுபாடு கிடையாது. இன்றும் உள்ளானில் எது எதுவென்று பிரித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்வதைக் கேட்கப் பிடிக்கும். என் தொழிலில் நாள் முழுக்கப் பொய் கேட்க வேண்டியிருந்தது. கடைசியாகத் தலைக்குளித்தது எப்போது என்று கேட்டால் மாமியார் ஒரு கணக்குச் சொல்வாள், மருமகள் இன்னொன்று சொல்வாள். புருஷன் அடித்த காயத்துக்கு மாடு முட்டியது என்பார்கள். இதையெல்லாம் கேட்கப் போகும் வழியில், ஒருவர் நின்று தான் பார்த்ததை மட்டும் சொல்வது எனக்கு முகம் கழுவிக்கொள்வது போல இருந்தது.

அண்ணன் இன்னும் இரண்டு மூன்று இடம் கொண்டுவந்தான். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். சொல்லவில்லை. பிறகு அவனும் கொண்டுவருவதை விட்டுவிட்டான்.

இப்படிப்பட்ட மனிதரைத் தோட்டத்தில் யாரும் அண்டவில்லை. ஒருமுறை தேங்காய்க் களவு நடந்தது. அந்திக் கருக்கலில் ஒரு தொழிலாளி சாக்கோடு போனதை இவர் கண்டிருந்தார். துரை கூப்பிட்டு விசாரித்தார். அப்போது வெள்ளைக்காரத் துரை இல்லை, கொழும்பிலிருந்து வந்த சிங்களத் துரை. "அவன் தேங்காய் களவெடுத்ததைப் பார்த்தாய்தானே?" என்று கேட்டார். "சாக்கோட போனதைப் பார்த்தேன். சாக்குக்குள்ள பார்க்கலை" என்றார் இவர். துரைக்குக் கோபம். சாட்சி இல்லாமல் ஆளை வேலையை விட்டு நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு ஆள் தப்பினான் என்று தொழிலாளர்கள் இவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. அவனுடைய மாமன் வந்து, "பார்க்கவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நம்ம ஆளுதானே நீங்க? சாக்கை எதுக்கு இழுத்தீங்க?" என்று முற்றத்தில் நின்று கத்திவிட்டுப் போனானாம். இரண்டு பக்கமும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிக்கு லயத்திலிருந்து அவர் வீட்டுக்கு வரும் பலகாரமும் அந்த வருடம் நின்றுபோனது. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பறவைக்காரர்களிடமும் அப்படித்தான். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருடத்துக்கு ஒருமுறை காரில் வருவார். நாட்டில் எங்கெங்கே என்ன பறவை கண்டார்கள் என்று திரட்டுகிறவர். நல்ல மனிதர், இவர் மேல் உண்மையான அன்பு வைத்திருந்தார். ஒரு தடவை குளத்தில் ஒரு பெரிய பறவை வந்திருந்தது. கடற்கரைச் சேற்றில் மட்டும் காணக்கூடிய, அரிவாள் போல வளைந்த நீள அலகுப் பறவையாக இருக்கலாம் என்று இவரே சொல்லியிருந்தார். இவ்வளவு உள்நாட்டில் அதை யாரும் கண்டதில்லையாம். பெரியவர் குளக்கட்டில் நின்று இவரிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அலகு வளைந்திருந்ததா?"

"வளைஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. பனி மூட்டம்."

"உங்கள் கண்ணை நான் நம்புகிறேன். உங்கள் பெயரில் போட்டுவிடுவோம். முதல் பதிவாக இருக்கும்."

"வேணாங்க. மாதிரின்னா அது பார்த்ததில்லை."

பெரியவர் சிரித்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். இவர் அதன் பிறகு ஒரு மாதம் விடிவதற்கு முன்னே வந்து அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பறவை திரும்ப வரவேயில்லை. "சொல்லியிருக்கலாமில்ல?" என்று நான் கேட்டதற்கு, "எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு மிஸி" என்றார். அவர் ஆசை என்று ஒன்றைச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை.

எழுபத்தோராம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கத்துக்கு எதிராகச் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. ஊரடங்கு போட்டார்கள். காட்டுப்பக்கமெல்லாம் துப்பாக்கிச் சத்தம். பஸ் இல்லை. பிள்ளைப்பேறு ஊரடங்குக்குக் காத்திருக்காது என்பதால் எனக்கு மட்டும் பாஸ் தந்தார்கள். வெள்ளைச் சேலை தூரத்திலேயே தெரியட்டும் என்று குடை பிடிக்காமல் நடப்பேன்.

அந்த நாட்களில் ஒரு காலை, தூரக்கண்ணாடியோடு குளக்கரையில் நின்றவரை ராணுவ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குளத்துக்கு அப்பால் உள்ள காட்டில் கிளர்ச்சிக்காரர்கள் இருந்தார்கள் என்றும், இவர் அவர்களுக்காக வேவு பார்க்கிறார் என்றும் சந்தேகம். துரை போய்ப் பேசி, தமிழ் ஆள், தோட்டத்துக் கிளாக்கர், பறவை பார்க்கும் பைத்தியம் என்றெல்லாம் சொல்லி இரண்டு நாளில் வெளியே எடுத்தார். நான் கண்டபோது உதடு வீங்கியிருந்தது, இடது காதில் இரத்தம் உறைந்திருந்தது. கிளினிக் வாசலில் உட்காரவைத்துக் கழுவி மருந்து போட்டேன். "ரொம்ப அடிச்சாங்களா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று விளங்கவில்லை.

அதன் பிறகு அவர் குளக்கட்டுக்கு வரவில்லை.

தூரக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று தோட்டத்துப் பெண்கள் சொன்னார்கள். பயந்துபோனார் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைவீதியில் கண்டால் "வேலை இருக்குங்க மிஸி" என்று ஒதுங்கிப் போய்விடுவார். அந்த வருடக் கடைசியில் கொழும்புப் பெரியவர் வந்தார். இவரைப் போய்ப் பார்த்துவிட்டு, கார் ஏறுமுன் கிளினிக்கில் வந்து என்னிடம் கேட்டார்: "என்ன நடந்தது இவருக்கு? இத்தனை வருடமும் தான் சொன்ன எதையும் சேர்க்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்கிறார். தான் சொன்னதற்கு மதிப்பில்லை என்கிறார்." எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மைதான்.

காலையில் குளக்கட்டைக் கடப்பது எனக்கு மிக நீளமாகிவிட்டது. நின்று பேச யாருமில்லாததால் கிராமங்களுக்கு நேரத்தோடே போய்ச் சேர்ந்துவிடுவேன். கர்ப்பிணிகளைப் பார்க்கும் வீட்டுக்கு இன்னும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஓர் ஆடிமாதம் பெருங்காற்று அடித்தது. மேற்குப் பக்கமிருந்து மூன்று நாள் ஓயாத காற்று. நாலாம் நாள் காலை, கிளினிக்கில் உதவிக்கு இருந்த ஆயம்மா ஒரு பறவையைச் சுளகில் வைத்துக்கொண்டு வந்தாள். முருங்கை மரத்தடியில் கிடந்ததாம். உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து திறந்து மூடியது. நான் ஆயம்மாவைத் தோட்டத்துக்கு அனுப்பினேன். வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார்.

சுளகின் முன்னால் குந்தி நெடுநேரம் பார்த்தார். தொடவில்லை.

"இது என்னது?" என்றேன்.

"தெரியாதுங்க."

"உங்களுக்கா தெரியாது?"

"நான் சொல்லக் கூடாதுங்க மிஸி. நீங்க என்ன பார்க்கறீங்களோ அதைச் சொல்லுங்க."

கோபம் வந்தது. ஆனாலும் சொன்னேன். முதுகு புகைநிறம், வயிறு வெள்ளை. தலையில் கறுப்புத் தொப்பி, நெற்றியில் வெள்ளை, அது கண்ணுக்கு மேலே கோடாக ஓடுகிறது. அலகு கறுப்பு, கூர். வால் கத்தரிக்கோல் மாதிரி. விரல்களுக்கு நடுவே தோல்.

"தோல் இருந்தா?"

"தண்ணிப் பறவை."

"இந்தக் குளத்துல பார்த்திருக்கீங்களா?"

"இல்லை." யோசித்துவிட்டுக் கேட்டேன். "கடலா?"

அவர் தலையசைத்தார். "கடல் ஆலா. கரைக்குக்கூட வராது, நடுக்கடல்ல திரியறது. காத்து தூக்கிட்டு வந்திருச்சு. இங்கே வச்சிருந்தாச் செத்துரும்."

"கிட்ட இருக்கிற கடல் எது?"

"சிலாபம்."

மறுநாள் எனக்கு லீவு. சிலாபத்தில் உள்ள முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போவதாக ஆயம்மாவிடம் சொன்னேன். அவரும் வந்தார். மூடியுள்ள ஒரு பிரம்புக்கூடையில் பழைய சேலைத் துணி விரித்துப் பறவையை வைத்தோம். குளத்து மீனைக் கீறி, கிளினிக் இடுக்கியால் அதன் வாய்க்குள் வைத்தேன். முதலில் துப்பியது. பிறகு விழுங்கியது. விழுங்கியபோது அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

குருநாகலில் இறங்கி பஸ் மாறினோம். சிலாபம் பஸ்ஸில் கூட்டம். கூடையை அவர் மடியில் வைத்திருந்தார். உள்ளே கீறுகிற சத்தம் கேட்டு, பக்கத்தில் நின்ற பெண், "கோழியா?" என்று சிங்களத்தில் கேட்டாள். ஆமாம் என்றால் முடிந்திருக்கும்.

"கோழி இல்லைங்க. கடல் பறவை. காத்துல வந்து விழுந்துருச்சு. கொண்டு போய் விடப்போறோம்" என்று அவரும் சிங்களத்தில் சொன்னார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து, "கடலுக்குப் போகிற ஆளுக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஒரு கிழவர் எழுந்து, கூடைக்காரர் ஜன்னலோரம் இருக்கட்டும், பறவைக்குக் காற்று வேண்டும் என்று இடம் மாறிக்கொண்டார். எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து எனக்கும் பக்கத்தில் இடம் விட்டார்கள். நான் உட்கார்ந்தேன். இதை மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சிலாபத்தில் கடல் கலங்கி எழும்பிக்கொண்டிருந்தது. யாரும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். காற்று கொஞ்சம் தணியட்டும் என்று ஒரு வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்தோம். கூடை எங்களுக்கு நடுவே.

"அன்னைக்கு அவங்க அடிச்சதுக்காக நான் நிப்பாட்டலை மிஸி" என்று அவராகவே தொடங்கினார்.

குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரத்தைக்காரர் இருந்தார். மாட்டு வண்டியில் விறகு ஏற்றுகிறவர். அவருடைய மகன் நன்றாகப் படித்து வேலை கிடைக்காமல் இருந்தவன். கிளர்ச்சி தொடங்கிய மறுநாள் அவனை இவர் கண்டிருக்கிறார். விடிகிற நேரம், தூரக்கண்ணாடியில், நல்ல வெளிச்சத்தில். இன்னும் நாலைந்து பேரோடு தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தான். சாக்கில் சுற்றிய துப்பாக்கி தோளில் இருந்தது. சாக்கு நழுவி இரும்பு தெரிந்தது.

"என்னைய வச்சிருந்த இடத்துக்கு அவனையும் புடிச்சுக் கொண்டாந்தாங்க. வீட்டுல வச்சுப் புடிச்சது, கையில ஒண்ணும் இல்லை. என் முன்னால நிக்கவச்சு, குளத்துல இவனைப் பார்த்தியான்னு கேட்டாங்க. பார்த்தேன்னு சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அவன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னான். அவனுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் சொல்றது தெரியும்ல, நான் பார்த்ததைச் சொல்லிருவேன்னு." கூடையின் மூடியை இறுக்கி வைத்தார். "பார்க்கலைன்னு சொன்னேன். காதுல அடிச்சுக் கேட்டாங்க. பறவைதான் பார்த்தேன், வேற யாரையும் பார்க்கலைன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன்."

"விட்டுட்டாங்களா அவனை?"

"அவனைப் பத்திச் சொல்ல வேற யாருமில்லை. கொஞ்ச நாள் வச்சிருந்து விட்டுட்டாங்களாம். இப்போ தம்புள்ளை ரோட்டுல சைக்கிள் கடையில இருக்கானாம். கல்யாணமும் ஆயிருச்சாம். சொன்னாங்க."

"இதுக்குப் போயா?" என்றேன். "ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க."

"அது சரிதான் மிஸி. திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனா நல்ல கண்ணாடி, நல்ல வெளிச்சம், அவ்வளவு தெளிவாப் பார்த்ததைப் பார்க்கலைன்னு சொன்ன வாய் இது. இனிமே இந்த வாயால அந்தப் பறவையைப் பார்த்தேன், இதைப் பார்த்தேன்னு சொன்னா யாரு நம்பணும்? நானே நம்பலையே."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதா வேண்டாமா என்றிருந்தது. என் தொழிலில் ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது.

"அவனைப் பத்தி உங்களுக்கு யாரோ சொன்னாங்க. நான் பார்த்திருக்கேன்" என்றேன். "அவன் பெண்டாட்டிக்குப் பேறு பார்த்தது நான்தான். தை மாசம். பெண் பிள்ளை. அவன் வெளியில நின்னு அழுதான். பிள்ளையை அவன் கையில குடுத்தது நான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அழுதார் என்று நான் சொல்ல மாட்டேன். காற்றில் மணலும் உப்புத் தண்ணீரும் அடித்துக்கொண்டிருந்தன.

பிறகு கூடையைத் திறந்தோம். பறவை மணலில் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. இறக்கையை விரித்தது, விரித்தபடியே நின்றது. அடுத்த காற்றில் தரை அதை விட்டுவிட்டது போலிருந்தது. தாழ்வாக, அலைக்கு மேலே, சாய்ந்து சாய்ந்து போனது. எனக்கு உடனே மறைந்துவிட்டது. அவர் புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"பிழைச்சுக்குமா?"

"அது தெரியாதுங்க. கடைசி அலைக்கு அந்தப் பக்கம் போச்சு. பார்த்தேன்."

திரும்பிவிடலாம் என்றேன். "கோயிலுக்குப் போறதாச் சொல்லிட்டுத்தானே வந்தீங்க? அப்போ போகணும்" என்றார். போனோம். உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தியிருந்தார்கள். வெளிப் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, கடலையும் பழமும் வாங்கித் தின்றோம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. குருநாகல் தாண்டி, வெயில் இறங்கி, இரண்டு பக்கமும் தென்னை ஓடிக்கொண்டிருந்தது. வெறும் கூடை அவர் காலடியில். எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இனி எந்த அண்ணனையும் கேட்க வேண்டிய வயதில்லை. நானே கேட்டேன்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துறலாமா?"

கேட்டதும் என் காதில் பஸ்ஸின் இரைச்சல் மட்டும்தான். அவர் எதையும் உடனே சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"ஆசை இல்லைன்னு சொன்னா அது ரெண்டாவது பொய்யாயிரும்" என்றார். "ஆனா வேணாம் மிஸி. அம்மாவுக்கு என் வயசுலதான் ஆரம்பிச்சுச்சு. முதல்ல சோத்தை மூடி மூடி வச்சாங்க, யாரோ விஷம் வைக்கிறாங்கன்னு. அப்புறம் அப்பாவைத் தெரியலை. அப்புறம் என்னைத் தெரியலை. ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து, நீ யாருடான்னு கேட்டாங்க. அதையெல்லாம் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். எனக்கு வருமோ வராதோ, தெரியாது. வந்தா நீங்க அதைப் பார்க்கக் கூடாது."

"வராட்டி?"

"வராட்டி..." என்றார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டார், என் பக்கம் தூசி அடிக்கிறது என்று.

கலேவெலயில் இறங்கினோம். என் குவார்ட்டர்ஸுக்குப் போகும் ஒழுங்கையின் முனைவரை வந்தார். கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பாதையில் போனார்.

அதன் பின் அவர் மறுபடியும் குளக்கட்டுக்கு வந்தார். தூரக்கண்ணாடி கழுத்தில் இருந்தது. பழையபடி பேசினோம். பஸ்ஸில் பேசியதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது ஒரு வருடமும் கொஞ்சமும் நீடித்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அவருடைய வேலையும் போயிற்று. தலவாக்கொல்லைத் தங்கை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். போவதென்று முடிவு செய்து நாளும் சொன்னார். பத்து மணி பஸ்ஸுக்கு வழியனுப்பப் பஸ்ஸடிக்கு வருகிறேன் என்றேன்.

அன்றைக்கு விடியற்காலையில் குளத்துக்கு அப்பால் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. முதல் பிரசவம், பிள்ளை திரும்பியிருந்தது. விட்டுவிட்டு வர முடியாது. பத்து மணி போல ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது கேட்டது. அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளை பிறக்க மத்தியானமாகிவிட்டது. ஆண் பிள்ளை. அழவைத்து, துடைத்து, தாயின் மார்பில் போட்டுவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்கு வந்தேன்.

வயலில் உழுதுகொண்டிருந்தார்கள். வரப்பில் ஒரு சின்னப் பறவை. மண்நிறம், மெல்லிய கால். ஒவ்வோர் எட்டுக்கும் வாலை ஆட்டி ஆட்டி நடந்தது. இவ்வளவு கிட்ட, நல்ல வெயிலில், அப்படியொன்றை நான் பார்த்ததேயில்லை. வாளியை வைத்துவிட்டு, அது எழும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு என்ன பெயரென்று கேட்க ஆளில்லை.